ஒரு கேமரா போதும்

டிசம்பர் 4, வியாழன்

கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தவர்கள் காலி செய்து ஒரு மாதம் ஆகிறது. இன்று அதன் சாவியை மிருதுளா கேட்டாள். வாடகைக்கு ஆள் வரும்வரை அவளுடைய கல்லூரிக் குழு அங்கே ரோபோ ஓட்டிப் பழக வேண்டுமாம். கல்லூரியில் ஆய்வகத்தைச் சாயங்காலமே பூட்டிவிடுகிறார்கள். "சுவத்துல ஒரு கீறல் விழாதும்மா" என்றாள். நம்பியதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தேன்.

மாலையே ரோபோ வந்து இறங்கியது. முழங்கால் உயரத்தில் நான்கு சக்கர வண்டி. முன்னால் ஒரு கை. அதற்கு மேலே கழுத்துபோல ஒரு தண்டு, தண்டின் உச்சியில் கேமரா. சட்டத்தை அவள் அப்பாதான் தன் பஸ் பாடி பட்டறையில் மிச்சமான இரும்புக் குழாயை வைத்து வெல்டிங் செய்து கொடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை. டவுன் பஸ்ஸுக்கு அடித்த பச்சை பெயின்ட்டே இதற்கும்.

குழுவில் மூன்று பேர். பர்வேஸ் கேமராவும் வயர்லெஸ்ஸும் பார்க்கிறவன், அவன்தான் தலைவன். ஜெனிட்டா ரோபோவின் கையைச் செய்தவள். "நீ என்ன பண்ற?" என்று மிருதுளாவிடம் கேட்டேன். "நான் டிரைவர்" என்றாள்.

ஜனவரிக் கடைசியில் கோயம்புத்தூரில் மாநிலப் போட்டி. ரோபோ களத்தில் இருக்கும். ஓட்டுகிறவர் திரைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கண்ணை முழுக்க மூடுகிற வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் ரோபோவின் கேமரா பார்ப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அவர் தலையைத் திருப்பினால் ரோபோவின் கழுத்தும் திரும்பும். களத்தில் கிடக்கும் வளையங்களை எடுத்துக் கம்பங்களில் மாட்ட வேண்டும். அதிகம் மாட்டியவர் ஜெயித்தவர்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுக்க மிருதுளா எழுந்தாள். நானே போய் எடுத்துவந்து ஊற்றிக் கொடுத்தேன். வெளியாட்கள் இருக்கும்போது தண்ணீர் நான்தான் ஊற்றுவது. அது எங்கள் வீட்டுப் பழக்கம்.

டிசம்பர் 7, ஞாயிறு

இட்லிக்கு அரைத்து வைத்துவிட்டுக் கீழே போய் வேடிக்கை பார்த்தேன். முன்னறையில் ரோபோ. சமையலறையில் நாற்காலி போட்டு ஓட்டுகிறவர்.

முதலில் பர்வேஸ் ஓட்டினான். கம்பத்துக்கு இன்னும் ஒரு சாண் இருக்கும்போதே வளையத்தை விட்டான். அது தரையில் உருண்டது. அடுத்து ஜெனிட்டா. அவள் கம்பத்தையே சாய்த்துவிட்டாள். "எது கிட்ட இருக்கு, எது தூரத்துல இருக்குன்னே தெரியலடா. எல்லாம் ஒரே தட்டையா இருக்கு" என்று ஹெட்செட்டைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள். ஒரே கேமரா பார்க்கிற படம் இரண்டு கண்ணுக்கும் போகிறது, அதனால் ஆழம் தெரியாது, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று பர்வேஸ் எனக்கு விளக்கினான்.

பிறகு மிருதுளா உட்கார்ந்தாள்.

வண்டி மெதுவாகக் கம்பத்தருகே போய் நின்றது. கேமரா இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது, மறுபடி இடப்பக்கம். பிறகு ரோபோவின் கை முன்னால் வந்து கம்பத்தின் உச்சியை லேசாகத் தொட்டது. தொட்ட இடத்திலிருந்து சற்றே உயர்ந்து வளையத்தை விட்டது. அது வழுக்கிக்கொண்டு நேராக இறங்கியது. அடுத்த கம்பமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"என்னடி இது, கோழி மாதிரி தலைய ஆட்டி ஆட்டிப் பாக்கற?" என்றாள் ஜெனிட்டா.

"கோழி கொத்துனா தப்புமா?" என்றாள் மிருதுளா ஹெட்செட்டைக் கழற்றாமலே.

ரோபோவுக்கு அப்போதே பெயர் வைத்துவிட்டார்கள். வெடக்கோழி.

"உனக்கு மட்டும் எப்படி வருது?" என்று பர்வேஸ் அவளிடம் பலமுறை கேட்டான். "பழக்கம்" என்றாள். மாடிக்கு வந்து சட்னி அரைத்தேன். அவளுக்கு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். எழுத வேண்டியதில்லை.

டிசம்பர் 11, வியாழன்

ஷிப்மென்ட் நெருக்கடி. எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு நான் சூப்பர்வைசர். சமையலறைத் துண்டு ஒன்றில் இழை விட்டிருந்ததைப் புதிதாகச் சேர்ந்த பெண் கவனிக்கவில்லை. அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டினேன். "எப்பிடிங்கக்கா கண்ணுல பட்டுச்சு?" என்றாள். எல்லாம் என் கண்ணில் படும் என்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

மற்ற இருவரும் சாப்பிடப் போனபோது ஹெட்செட்டை எடுத்து மாட்டிப் பார்த்தேன். மிருதுளாவே பக்கத்தில் நின்று பெல்ட்டை இறுக்கிவிட்டாள். கையில் இரண்டு குமிழ் வைத்த கட்டுப்பாட்டுக் கருவியையும் கொடுத்தாள்.

முன்னறை எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் காலண்டரில் அச்சிட்ட படம்போல் தெரிந்தது. தூண் எங்கே, கம்பம் எங்கே, சுவர் எங்கே என்று தெரியும். எது முன்னால், எது பின்னால் என்று தெரியவில்லை. இன்னும் தூரம் இருக்கிறது என்று நினைத்து முன்னால் தள்ளினேன். டமார் என்று தூணில் மோதியது. வீட்டில் முதல் கீறல் என்னுடையது.

"ஒரே எடத்துல நின்னு பாத்தா தெரியாதும்மா. தலையச் சாய்ச்சுப் பாரு" என்றாள் மிருதுளா. "கிட்ட இருக்கறது நெறைய நகரும். தூரத்துல இருக்கறது கொஞ்சமா நகரும். அப்புறம் நிழலப் பாரு. அதுக்கும் மேல சந்தேகமா இருந்தா தொட்டுப் பாத்துக்க."

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை. இத்தனை வருடத்தில் இன்றுதான் அவளே சொன்னாள், அதுவும் ரோபோவைப் பற்றி.

எனக்குத் தலை சுற்றியது. அவளுக்கு இது பழகியது. பழகியது என்று எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

டிசம்பர் 15, திங்கள்

பாத்திரம் மாற்றும்போது சாம்பார் மேடையில் கொட்டிவிட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் கொட்டாதா என்ன.

டிசம்பர் 21, ஞாயிறு

நேற்று திருச்சியில் மண்டலப் போட்டி. வெடக்கோழிக்கு முதலிடம். மிருதுளா மாட்டிய வளையங்களில் பாதிகூட இரண்டாவது வந்தவர்கள் மாட்டவில்லையாம். பர்வேஸ் அனுப்பிய வீடியோவை நேற்றே கம்பெனியில் எல்லாரிடமும் காட்டிவிட்டேன். கேட்காதவர்களிடமும் காட்டினேன்.

செய்தி கேட்டு இன்று நங்கையா வந்தார். என் கணவரின் அக்கா சொர்ணம். நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். வேலாயுதம்பாளையத்திலிருந்து பஸ் ஏறி, மைசூர்பாகும் மல்லிகைப் பூவும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவர் மகன் கௌதம் மிருதுளாவுக்கு முறை மாப்பிள்ளை. அது பற்றி யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஆனால் வருகிறபோதெல்லாம் பூ வாங்கி வருகிறார்.

"ஏனம்மிணி, அந்தப் பொட்டிய மூஞ்சில மாட்டிக்கிட்டே கெடந்தா கண்ணு கெட்டுப் போகாதா?" என்று மிருதுளாவிடம் கேட்டார்.

"அவ கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுங்க நங்கையா. நல்லா இருக்குது" என்று நான் முந்திக்கொண்டேன்.

மிருதுளா என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. சும்மா பார்த்தாள். நங்கையா தண்ணீர் கேட்டார். நான் எழுந்து போய் ஊற்றிக் கொடுத்தேன்.

எழுதிவிடுகிறேன். அவளுக்கு இடது கண் தெரியாது. பிறவியிலேயே அந்தக் கண்ணில் பலவீனம். பார்த்தால் தெரியாது, இரண்டும் ஒன்றுபோலப் பெரிதாக, அழகாக இருக்கும். மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு வந்த கண் முகாமில்தான் கண்டுபிடித்தார்கள். மூளை அந்தக் கண்ணை விட்டுவிட்டது, இனிக் கண்ணாடி போட்டும் பயனில்லை என்றார் டாக்டர். அப்படியும் அந்தக் கோடை விடுமுறை முழுக்க நல்ல கண்ணுக்குப் பிளாஸ்திரி ஒட்டிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தோம். கண்கட்டி என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தேன். பிறகு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளிடம் சொன்னேன். பெண் பிள்ளை. ஊர் அவள் மீது சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட நான் விடவில்லை. அவ்வளவுதான்.

செம்பின் வாயை டம்ளரின் விளிம்பில் 'டிக்' என்று முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவள் தண்ணீர் ஊற்றுவாள். இல்லாவிட்டால் வெளியே போகும். அதை யாராவது பார்த்தால் கேட்பார்கள். அதனால்தான் நான் ஊற்றுகிறேன்.

ஜனவரி 3, சனி

பர்வேஸ் விடுமுறை முழுக்க வீட்டில் அடைந்து கிடந்து ஒன்றைச் செய்துகொண்டு வந்திருக்கிறான். ரோபோவின் கழுத்தில் இப்போது இரண்டு கேமரா. மனிதக் கண்ணைப் போலவே இடைவெளி விட்டுப் பொருத்தியிருக்கிறான். இடது கேமராவின் படம் ஹெட்செட்டில் இடது கண்ணுக்கு, வலதின் படம் வலது கண்ணுக்கு.

"இனிமே ஆழம் தெரியும் ஆன்ட்டி. நேர்ல பாக்கற மாதிரியே இருக்கும். கோழி வேலையெல்லாம் வேண்டாம்" என்றான். தூங்காத கண் சிவந்திருந்தது. முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

ஜெனிட்டா உட்கார்ந்தாள். முதல் வளையமே கம்பத்தில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. "மிரு, வாடி, வந்து பாருடி. அப்படியே கைய நீட்டித் தொடலாம் போல இருக்கு" என்று கத்தினாள். நான் மாட்டிப் பார்த்தேன். உண்மைதான். தூண் தூணாக நின்றது.

மிருதுளா மாட்டிக்கொண்டாள். "சூப்பரா இருக்கு" என்றாள்.

முதல் வளையம் கம்பத்துக்கு வெளியே விழுந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இரண்டு கேமராவின் கனத்தில் கழுத்து மெதுவாகத்தான் சாய்ந்தது. படமும் தாமதமாக வந்ததாம். ஒரு படம் போகிற வயர்லெஸ் வழியில் இப்போது இரண்டு போகின்றன. இரண்டுமே கொஞ்சம் மங்கல், கொஞ்சம் தாமதம். மற்றவர்களுக்கு அதற்கு ஈடாக ஆழம் கிடைக்கிறது. அவளுக்கு மங்கலும் தாமதமும் மட்டும்தான்.

"புதுசில்ல, பழகிரும்" என்றான் பர்வேஸ்.

ஜனவரி 8, வியாழன்

பழகவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

இன்றும் கம்பத்தை இரண்டு தடவை சாய்த்துவிட்டாள். ஜெனிட்டா ஓட்டிய சுற்றில் ஒன்றுகூடத் தப்பவில்லை. பிள்ளைகள் போனபின் மிருதுளா சமையலறைக்கு வந்து மேடைமேல் ஏறி உட்கார்ந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு டிரைவர மாத்தப் போறாங்கம்மா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பர்வேஸ் என்கிட்ட ரொம்ப மரியாதையாப் பேசறான்."

"தலைவலின்னு சொல்லிப் பாரேன் கண்ணு. ரெண்டு கேமராவுல பாத்தா தலைவலிக்குதுன்னு."

"சொன்னா, 'ஐயோ, அப்ப நீ ரெஸ்ட் எடு, ஜெனி ஓட்டட்டும்'னுவாங்க."

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். கொஞ்ச நேரம் வெங்காயத்தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான் படிப்புல சுமார்தாம்மா. பாட்டு வராது. ஷட்டில் ஆடப் போனா பூப்பந்து எங்க வருதுன்னு தெரியாம மூஞ்சில வாங்கிக்குவேன். இந்த ஒண்ணுதான் எல்லாரையும் விட எனக்கு நல்லா வருது. அது எதனால வருதோ அதச் சொல்லக் கூடாதுங்கற."

"நங்கையா காதுக்குப் போச்சுன்னா..."

"போகட்டும்" என்று இறங்கிப் போய்விட்டாள்.

அவள் அப்பாவிடம் சொன்னேன். பட்டறையிலிருந்து வந்து கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு ஹெட்லைட் போனாலும் ஓட்டறவன் சரியா இருந்தா வண்டி ஊரு போய்ச் சேரும் தமயந்தி" என்றார்.

"ஒத்த ஹெட்லைட்டோட போனா போலீஸ் புடிக்கும்ங்க."

"புடிச்சா புடிக்கட்டும். அபராதம் கட்டிட்டுப் போவோம்."

இந்த மனிதரிடம் பேசுவதே வீண். குழம்பில் உப்பு அதிகம்.

ஜனவரி 10, சனி

டீ எடுத்துக்கொண்டு படியிறங்கும்போதே பர்வேஸ் குரல் கேட்டது. படியிலேயே நின்றுவிட்டேன்.

"மிரு, தப்பா எடுத்துக்காத. இனிமே ஜெனி ஓட்டட்டும். நீ பேக்கப்பா இரு. கோயம்புத்தூர் வரைக்கும் வந்துட்டு விட முடியாது."

"ஒரு கேமராவக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவ ஓட்டறேன்" என்றாள் மிருதுளா.

"ஏன்டி, முன்னால போன வண்டிய ரிவர்ஸ் எடுக்கச் சொல்ற?" என்றான் பர்வேஸ்.

"எனக்கு ஒரு கேமரா போதும்."

"ஊருக்கெல்லாம் ரெண்டு வேணும், உனக்கு மட்டும் ஒண்ணு போதுமா?"

"எனக்கு இடது கண்ணு தெரியாது பர்வேஸ்."

டீத் தட்டைப் படியில் இறக்கி வைத்தேன்.

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாது. வெளிச்சம் தெரியும், ஆள் நிக்கறது நிழலாத் தெரியும். அவ்வளவுதான். பொறந்ததுல இருந்தே. நீ அனுப்பற லெஃப்ட் படம் எனக்கு வந்தே சேரல. வயர்லெஸ்ஸ மட்டும் தின்னுட்டிருக்கு."

ஐயோ என்பார்கள், பாவம் என்பார்கள் என்று காத்திருந்தேன். இத்தனை வருடமாக நான் பயந்தது அந்தச் சொற்களுக்குத்தான்.

பர்வேஸ் தரையில் உட்கார்ந்தான். "ஒரு வாரமா டைமிங் தப்புன்னு நெனச்சு ப்ரோகிராம மாத்தி மாத்தி எழுதிட்டிருக்கேன். சோறு தண்ணி இல்லாம. மொதல்லயே சொல்றதுக்கு என்னடி கேடு உனக்கு?"

மிருதுளா தலையைத் திருப்பினாள். படியில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டாள். "தோணல" என்றாள்.

என் பெயரைச் சொல்லவில்லை.

ஜெனிட்டா தன் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். விரலை நீட்டிப் பர்வேஸின் மூக்கைத் தொடப் போய் அவன் கண்ணில் குத்தினாள்.

"எரும, நான் ரெண்டு கண்ணோட இருக்கறது பிடிக்கலையா?"

"அடியே, இத வெச்சிட்டு எப்படிடி ஸ்கூட்டி ஓட்டற?" என்று ஜெனிட்டா மிருதுளாவிடம் கேட்டாள்.

"உன்னை விட நல்லாத்தான். நீ போன மாசம் யார இடிச்ச?"

"அது நாயி."

சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் ஜெனிட்டா முகம் சற்றே வாடியது. ஒரு வாரமாக அவள் டிரைவராகிவிடும் கனவில் இருந்திருப்பாள். கொஞ்ச நேரம் ரோபோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து இடது கேமராவை அவளே கழற்றினாள்.

மிருதுளா உட்கார்ந்தாள். கேமரா சாய்ந்தது, சாய்ந்தது, கை தொட்டது, வளையம் இறங்கியது. அடுத்தது. அடுத்தது. நான் டீயைத் தட்டோடு மேலேயே எடுத்துப்போய்ச் சுட வைத்துக்கொண்டு வந்தேன். ஆறிப்போயிருந்தது என்பதுதான் காரணம்.

ஜனவரி 15, பொங்கல்

வாசலில் பொங்கல் வைத்தோம். இந்த முறை பால் கிழக்குப் பக்கம் பொங்கியது.

கழற்றிய கேமராவை வெடக்கோழியின் முதுகில் பின்பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறான் பர்வேஸ். அதன் படம் மிருதுளாவுக்குப் போகாது. அவன் பார்க்கிற சிறு திரைக்குப் போகும், அதுவும் அவனுக்கு வேண்டியபோது மட்டும். பின்னால் கிடக்கும் வளையத்தை அவன் பார்த்து அவள் காதில் சொல்வான். "முன்னாடி ஒரு கண்ணு, பின்னாடி ஒரு கண்ணு. மாமியார் மாதிரி" என்றாள் ஜெனிட்டா, சர்க்கரைப் பொங்கலை வாயில் வைத்துக்கொண்டே.

போட்டிக்குத் தானும் வருவதாக நங்கையா போனில் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

வேனில் போனோம். ரோபோவுக்கு ஜன்னலோர சீட். கோயம்புத்தூரில் பெரிய கண்காட்சி அரங்கம். கல்யாண மண்டபத்தைவிடச் சத்தம். அறிவிப்பாளர் "அடுத்து வருவது... வெடக்கோழி" என்று படித்தபோது அரங்கமே சிரித்தது. முதல் சுற்று முடிந்தபின் அதே பெயருக்குக் கைதட்டினார்கள்.

களத்துக்கு மேலே ஒரு பெரிய திரை. ஓட்டுகிறவர் ஹெட்செட்டில் என்ன பார்க்கிறாரோ அது அந்தத் திரையில் தெரியும். மற்ற குழுக்களுக்கெல்லாம் இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. அரங்கத்தில் அத்தனை பேர் கையிலும் போன் இருந்ததாலோ என்னவோ அந்தப் படங்கள் விட்டு விட்டு வந்தன. எங்களுடையது ஒற்றைப் படம். அது நிற்கவில்லை. களம் முழுவதும் அந்தத் திரையில் சாய்ந்து சாய்ந்து ஆடியது. என் மகள் பார்க்கிற உலகத்தை ஆயிரம் பேர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இந்தப் பக்கம் நங்கையா. அந்தப் பக்கம் ஒரு பெண்மணி, திண்டுக்கல் குழுவில் ஒரு பையனின் அம்மா. இறுதிச் சுற்று தொடங்குவதற்கு முன் அவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"ஏங்க, எல்லாத்துக்கும் ரெண்டு படம் வருது. உங்க பொண்ணுக்கு மட்டும் ஏன் ஒண்ணுதான் வருது? கேமரா கெட்டுப் போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கெட்டுவிட்டது, சரிசெய்ய நேரமில்லை என்று சொல்லியிருந்தால் அவரும் உச்சுக்கொட்டிவிட்டுத் திரும்பியிருப்பார். வாய் வரைக்கும் வந்ததும் அதுதான்.

"இல்லைங்க" என்றேன். "என்ற பொண்ணுக்கு ஒரு கண்ணுதான் தெரியும். இடது கண்ணு பொறந்ததுல இருந்தே தெரியாது. ரெண்டு படம் அவளுக்கு எதுக்குங்க? ஒண்ணுலயே இப்படி ஓட்டறா."

சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கச் சொன்னேன். முன்வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பியவர்களைப் பார்த்து, "அந்தப் பச்சை ரோபோ. அவங்க அப்பா வெல்டிங் பண்ணினது" என்று அதையும் சொன்னேன்.

நான் நங்கையா பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் கேட்டது.

"எந்தக் கண்ணுன்ன?"

"இடதுங்க நங்கையா."

அவர் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார்.

இறுதிச் சுற்றில் எங்களை எதிர்த்து மதுரைக் குழு. வளையத்துக்கு வளையம் சமமாகப் போனது. ஒருமுறை வெடக்கோழி திடீரென்று நின்று, திரும்பாமலே பின்னால் போய், முதுகுப் பக்கம் கிடந்த வளையத்தருகே சரியாக நின்று எடுத்தது. பர்வேஸ் காதில் சொல்லியிருக்கிறான். அரங்கம் ஓவென்றது. மணி அடிப்பதற்குச் சற்று முன் கடைசி வளையம். கேமரா சாய்ந்தது. கை கம்பத்தைத் தொட்டது. சரியான இடம், நான் மேலிருந்து பார்க்கிறேன், மயிரிழைகூடப் பிசகில்லை. ஆனால் வளையம் பிடியிலிருந்து முன்கூட்டியே நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

ஒரு வளையத்தில் தோற்றோம். இரண்டாம் இடம்.

பிடியில் ஒட்டியிருந்த ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. ஜெனிட்டா அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அழாதடி. தேஞ்சிருச்சு, மூணு பேருமே பாக்கல. அடுத்த வருசம் ரெண்டு ரப்பர் எடுத்துட்டு வரலாம்" என்றாள் மிருதுளா. நடுவர்களில் ஒருவர் வந்து, தலையை ஏன் அப்படிச் சாய்க்கிறாய் என்று கேட்டார். தன் இடது கண்ணைக் காட்டி அவள் விளக்கினாள், வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல. அவர் ஒரு தாளில் எதையோ குறித்துக்கொண்டார். குறித்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த ரப்பரை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. நேற்றுக் காலையில் ரோபோவை வேனில் ஏற்றும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாம் என் கண்ணில் படும் என்று சொல்லிக்கொள்கிறவள் நான்.

திரும்பி வரும்போது பிள்ளைகள் வேனின் பின் சீட்டில் ரோபோவின்மேல் கால் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார்கள். காங்கேயம் தாண்டும்வரை நங்கையா பேசவே இல்லை. பேசாமல் இருப்பவர் அல்ல அவர். என்ன வந்தாலும் கேட்டுக்கொள்வது என்று நானும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தமயந்தி."

"சொல்லுங்க நங்கையா."

"கௌதமுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்குது. போன வாரம் வண்டியக் கொண்டி கரண்டுக் கம்பத்துல வுட்டான்."

முன் சீட்டில் என் கணவரின் தோள் குலுங்கியது. தூங்குவதாக நினைத்திருந்தேன்.

"புள்ள படிக்கட்டும்" என்றார் நங்கையா பிறகு. "என்ன வேணும்னு அவளே சொல்லுவா. வாயி நல்லாத்தானே இருக்குது அவளுக்கு." சற்றுப் பொறுத்து, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் நீ" என்றார்.

இரவு எங்கள் வீட்டிலேயே தங்கினார். இன்று காலை எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். பர்வேஸும் ஜெனிட்டாவும் ரோபோவை இறக்கி வைக்க வந்தவர்கள் இட்லிக்கு உட்கார்ந்துவிட்டார்கள். நங்கையாவுக்கு விக்கல் எடுத்தது. நான் எழப் போனேன். அதற்குள் மிருதுளா செம்பை எடுத்துவிட்டாள். நங்கையா டம்ளரை நீட்டினார்.

நான் உட்கார்ந்தேன்.

செம்பின் வாய் டம்ளரின் விளிம்பில் 'டிக்' என்று தொட்டது. எல்லாருக்கும் கேட்டது. தண்ணீர் விளிம்புவரை நிறைந்தது. ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

"எனக்கும் ஊத்து" என்று நானும் டம்ளரை நீட்டினேன்.